விடுப்பும் விசுவாசமும்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரியை நோக்கியபடி கிடக்கிறது கொழும்புத்துறை. ஒருகாலத்தில் பூநகரிக்குத் தோணி ஏறும் துறை அது. சைவரும் கத்தோலிக்கரும் அயலவராய்க் குடியிருக்கும் ஊர். சம்பத்திரிசியார் கல்லூரியில் படித்தவரும் பின்னர் சைவ உலகம் போற்றும் ஞானியானவருமான யோகர் சுவாமிகள் 1964இல் மறையும்வரை குடிசையில் வாழ்ந்த ஊர். அங்கேதான் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடமும் இருக்கிறது. தமிழ் இளைஞர்கள் பல்லாண்டுகள் அங்கே தத்துவமும் இறையியலும் கற்றுக் குருமாராகி வெளியேறுகிறார்கள். அவர்கள் கற்கும் பலவற்றுள் ஒன்றைப்பற்றி நாம் இங்கே சிந்திக்க விரும்புகிறோம். கேட்டதைச் சொல்லாதிருத்தல் என்பதே அது.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை, உயிரே போவதாயினும், குருவானவர் வெளியிடலாகாது என்பது திருச்சபையின் சட்டம். நேரடியாக அதை மீறுபவர் மீறிய கணமே சபைக்குப் புறம்பாகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் உரோமாபுரிக்கு மட்டுமே உண்டு. ஒரு மனிதனின் குறை இன்னொரு மனிதனின் செவிக்குப் போய்ச் சேர்வது எத்துணைப் பாரதூரமான காரியம் என்பதைத் திருச்சபை உணர்ந்திருந்தமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் அதே கோவிலில் பூசை கண்டு வெளியே வருகின்ற விசுவாசிகள், கோவில் வளவைத் தாண்டுவதற்கு முன்னரே, அயலவன் மகளின் சீதனத்தையும் அவன் மகனின் குடியையும் அலசி முடித்துவிடுகிறார்கள். குருவின் செவிக்கு இத்தனை பெரிய பூட்டுப் போட்ட சமயம், விசுவாசியின் நாவுக்கு ஏன் ஒரு கொளுக்கியேனும் போடவில்லை?

யாழ்ப்பாணத்தார் இதற்கு ஓர் அருமையான சொல் வைத்திருக்கிறார்கள்: விடுப்பு. தமிழகத்தில் அச்சொல் உத்தியோகத்தர் எடுக்கும் லீவைக் குறிக்கும். இங்கோ ஊர்ப் புதினத்தைக் குறிக்கும். விடுப்புக் கேட்க வந்தவள், விடுப்புப் பார்க்க நிற்பவன் என்று நாள்தோறும் சொல்கிறோம். பழந்தமிழர் இன்னும் நுட்பமாக இதைப் பகுத்தார்கள். வாய்விட்டுச் சொல்லாமல் கண்ணாலும் சிரிப்பாலும் அரும்பும் பேச்சு அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்னது என்று விரிந்துவிட்டால் அது அலர். மொட்டும் மலரும் போன்றவை இவை. பயிரியலை நோக்குவதுபோல் ஊர்வாயை நோக்கிய மரபு நம்முடையது.

விடுப்பு முழுவதையும் பாவமென்று தள்ளிவிடும் போதகரோடு நமக்கு உடன்பாடில்லை. எந்த வீட்டில் மூன்று நாளாக அடுப்புப் புகையவில்லை, எந்தக் கிழவி விடிந்தும் படலை திறக்கவில்லை, தொழிலுக்குப் போன எந்தத் தோணி இன்னும் கரை சேரவில்லை என்பதையெல்லாம் ஊர் அறிவது விடுப்பினாலேதான். கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டு வழியாகத் தூற்றலும் போயிற்று, கஞ்சியும் போயிற்று. இன்று வேலி போய் மதில் வந்துவிட்டது. மதிலுக்குள் ஒருவன் நோயுற்றுக் கிடந்தால் அடுத்த வீட்டான் அறியான். ஆனால் அவனைப்பற்றிய பொல்லாத கதை மட்டும் கைத்தொலைபேசி ஏறி இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு வந்து சேரும். விடுப்பின் நன்மை கழிந்து தீமை தங்கிவிட்டது.

இது பெண்களின் குணம் என்று சொல்லும் ஒரு வழக்கமும் உண்டு. கிணற்றடியில் இரண்டு பெண்கள் பேசினால் விடுப்பு. சந்தியிலும் வாசிகசாலையிலும் கந்தோரிலும் ஆண்கள் பேசினால் அது அரசியல்! நாமறிந்த அளவில், ஊரைக் கெடுத்த பெரிய கதைகளில் அநேகம் கிணற்றடியில் பிறந்தவையல்ல.

புறங்கூறுதலின் தீமை எதில் உள்ளது? பொய்யில் உள்ளது என்பர் பலர். சொன்னது உண்மையாயின் சொன்னவன் குற்றவாளி அல்லன் என்று நினைக்கிறோம். ‘உள்ளதைத்தானே சொன்னேன்’ என்ற ஒரு வாக்கியத்தைக் கேடயமாக ஏந்தாத கோள்காரன் எவனுமில்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவீனாஸ் இக்கேள்வியைப் பொறுமையாக ஆராய்ந்தார். முகத்துக்கு நேரே ஒருவனை இகழ்வது வழிப்பறி. மறைவில் அவன் பெயரைக் குலைப்பது களவு என்றார் அவர். களவில் எடுக்கப்பட்ட பொருள் நல்லதா கெட்டதா என்பது கேள்வியாகாது; உடையவன் அறியாமல் எடுக்கப்பட்டது என்பதே குற்றம். ஆகவே மறைந்து கிடந்த உண்மைக் குறையைத் தக்க காரணமின்றி வெளிப்படுத்துவதும் பாவமே. இதற்கும் மேலான பாவம் ஒன்றை அவர் காட்டுகிறார். நண்பர் இருவரைப் பிரிக்கும் நோக்கோடு இரகசியமாகக் காதில் ஓதுவது அது. மானத்தைக் காட்டிலும் நட்புப் பெரிது. ஆகையால் மானத்தைக் கெடுப்பவனைவிட நட்பைக் கெடுப்பவன் கொடியவன் என்பது அவர் தீர்ப்பு. இதனை வாசிக்கும்போது, கோவில் திருநாளில் யார் சுருவம் தூக்குவது, எந்த வட்டாரத்தார் முதல் நவநாளை எடுப்பது, நோட்டீசில் யார் பெயர் மேலே வருவது என்பவற்றின் பேரில் தலைமுறை தலைமுறையாய் முகம் பாராதிருக்கும் குடும்பங்கள் நம் கண்முன் வருகின்றன. அவர்களுள் முதலில் பிணக்கு வந்தது சுருவத்தால் அன்று. ‘அவர் உங்களைப்பற்றி என்ன சொன்னார் தெரியுமோ’ என்ற ஒரு வாக்கியத்தால்.

தமிழ்ச் சொல்லே இதனைச் சொல்கிறது. புறங்கூறல் என்பதில் பொய் என்ற பொருள் எங்கேயும் இல்லை. புறம் என்பதுதான் இருக்கிறது. திருக்குறளின் 19ஆம் அதிகாரமும் ஒருவன் இல்லாதபோது அவனைப் பழித்துவிட்டு, கண்டபோது சிரிப்பவனையே கண்டிக்கிறது. ஆகவே நமது துணிபு இது: பேசப்படுபவன் அங்கே இல்லாமையும், பேசுபவன் தன் பேச்சுக்குப் பெயர் கொடாமையுமே விடுப்பின் நஞ்சு. மற்றவையெல்லாம் அதன் கிளைகள்.

இத்துணிபுக்கு வேதத்திலே ஆதாரம் உண்டு. மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு முறையை வகுக்கிறார். உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீ தனியே போய் அவனிடமே சொல். கேளாவிடில் ஒருவரிருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் இணங்காவிடில் சபைக்குச் சொல் என்பது அதன் கருத்து. நமது ஊர் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் சபைக்குச் சொல்லப்படுகிறது. பிறகு ஒருவரிருவர் கூடிக் குசுகுசுக்கிறார்கள். சம்பந்தப்பட்டவனுக்குக் கடைசியாகத்தான் தெரிகிறது, பெரும்பாலும் தெரிவதேயில்லை. கிறிஸ்து சொன்ன வரிசையை ஒரு படியும் பிசகாமல் தலைகீழாக அனுசரிக்கிறோம்.

இன்னொரு சான்று சிறியது, பலர் கவனிக்காதது. கொரிந்து சபை கட்சி கட்சியாகப் பிளந்து கிடந்தது. சின்னப்பர் ஒரு கட்சி, அப்பொல்லோ ஒரு கட்சி, கேபா ஒரு கட்சி. ஏறத்தாழக் கி.பி. 55இல் அச்சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் தொடக்கத்திலேயே சின்னப்பர் அதனைக் கண்டிக்கிறார். கண்டிப்பதற்கு முன் ஒன்று செய்கிறார்: இச்செய்தியைத் தமக்குச் சொன்னவர்கள் குலோவே என்பாளின் வீட்டார் என்று பெயர் குறிப்பிடுகிறார். ‘கேள்விப்பட்டேன்’ என்றோ ‘ஊரில் பேசிக்கொள்கிறார்கள்’ என்றோ அவர் மழுப்பவில்லை. சொன்னவர் பெயர் சபை நடுவே வாசிக்கப்பட்டது. மறுப்பவர் எழுந்து மறுக்கலாம். ஒரே செய்திதான்; பெயரோடு வந்தால் முறைப்பாடு, பெயரில்லாது வந்தால் கோள். யாழ்ப்பாணத்துக் கச்சேரிகளிலும் பாடசாலைகளிலும் மேற்றிராசனங்களிலும் எத்தனை நல்லவரை ஒப்பமில்லாத பெட்டிசங்கள் கவிழ்த்திருக்கின்றன என்பதை நினைப்பவர்க்கு, குலோவே வீட்டாரின் பெருமை விளங்கும்.

புனித அகுஸ்தீனின் சீடர் பொசீதியுஸ் எழுதிய சரித்திரத்தில் ஒரு செய்தி வருகிறது. அகுஸ்தீன் தமது உணவு மேசையில், இங்கில்லாதவரின் வாழ்வைக் கடித்துத் தின்ன விரும்புவோர்க்கு இம்மேசையில் இடமில்லை என்ற கருத்துப்பட எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் அவரோடு உண்ட ஆயர்கள் சிலரே அதனை மறந்து பேசத் தொடங்கினார்கள். ஒன்றில் இந்த எழுத்தை அழித்துவிடுங்கள், இல்லையேல் நான் எழுந்து என் அறைக்குப் போகிறேன் என்றாராம் அவர். ஆயர்களுக்கே இந்த நிலையென்றால் நம்மவரை அதிகம் நோவதில் பயனில்லை.

இதுவரை சொன்னவை ஊர்ச் சச்சரவுகள். பேசப்படுபவன் இல்லாமலும் பேசுபவன் முகமில்லாமலும் நடக்கும் பேச்சு, ஆயுதம் புழங்கும் நாட்டில் என்ன ஆகும் என்பதையும் நமது தலைமுறை கண்டது. 1975 யூலை 27ஆம் நாள் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோவிலுக்குச் சென்ற யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலை நாம் ஏற்கவேண்டியதில்லை. அதனை மேடையேறி, பெயர் சொல்லி, முகத்துக்கு நேரே எதிர்க்க எவருக்கும் உரிமை இருந்தது. ஆனால் துரோகி என்ற ஒரு சொல் அரசியல் விவாதத்தை முடித்துவைத்தது. அச்சொல்லுக்குப் பின்னர் கணக்கற்ற பேர் இரையானார்கள். 1980களில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் உடலில் ஓர் அட்டை தொங்கும். குற்றம் அதில் எழுதியிருக்கும். சாட்சியின் பெயர் இராது. குற்றஞ்சாட்டப்பட்டவனின் மறுமொழி இராது. அதை வாசித்துவிட்டு வீடு திரும்பிய மனிதர் என்ன சொன்னார்கள்? ‘நெருப்பில்லாமல் புகையுமோ?’

இந்தப் பழமொழியை நாம் அஞ்சுகிறோம். ஊரிலே ஒருவன்மீது கதை எழும்பிவிட்டதே அவன்மீதான சாட்சி என்று ஆக்கிவிடும் பழமொழி இது. புகையை மூட்டியவன் எவன் என்று கேட்கும் கடமையிலிருந்து அது நம்மை விடுவிக்கிறது.

இனி, தலையாட்டி. யாழ்ப்பாணத்தில் அந்த ஆண்டுகளை வாழ்ந்தவர்க்கு இச்சொல்லை விளக்கவேண்டியதில்லை; பின்வந்தவர்க்குச் சொல்கிறோம். இலங்கை இராணுவத்தின் சுற்றிவளைப்புகளிலும், 1987 முதல் 1990 வரை இந்தியப் படை நின்ற காலத்துச் சுற்றிவளைப்புகளிலும், ஊர் ஆண்கள் பாடசாலை முற்றத்திலோ கோவில் வெளியிலோ வரிசையாக நிறுத்தப்படுவார்கள். முகம் முழுவதும் மூடி, கண்ணுக்கு மட்டும் துளையிட்ட ஒருவன் வாகனத்தில் இருப்பான். ஒவ்வொருவராக அவன்முன் கொண்டுபோகப்படுவர். அவன் வாய் திறப்பதில்லை. தலை அசைந்தால் அந்த மனிதன் ஒரு பக்கம்; அசையாவிட்டால் மறுபக்கம். அசைந்த பக்கத்துக்குப் போனவர்களிற் பலர் வீடு திரும்பவில்லை.

அந்த முகமூடிக்குள் இருந்தவனும் பெரும்பாலும் அடித்து நொறுக்கப்பட்ட ஒரு கைதியே. எந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னால் தன் பிள்ளை பிழைக்கும் என்று கணக்குப் பார்த்தவன். அவனை மட்டும் குற்றவாளி ஆக்குவது நீதியாகாது. வேலியோரத்து விடுப்புத்தான் தலையாட்டியைப் பெற்றது என்றும் நாம் சொல்லமாட்டோம். அவனைப் பெற்றது படையும் போரும். ஆயினும் அவன் உருவத்தை உற்றுப் பார்த்தால் நாம் முன்னர் சொன்ன இலக்கணம் முழுமை பெற்று நிற்பதைக் காண்கிறோம். பெயரில்லை, முகமில்லை, சொல்கூட இல்லை. குற்றம் இன்னதென்று கேட்க வழியில்லை, மறுக்க வாயில்லை. ஒப்பமில்லாத பெட்டிசத்தைத் தலைமுறைகளாக ஏற்றுப் பழகிய சமுதாயத்துக்கு இந்த நீதிமன்றம் முற்றிலும் புதியதாக இருக்கவில்லை.

இதே ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான ஒரு பேச்சும் இங்கே இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம, நம்முடைய கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர். நண்பர் மூவரோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ என்னும் நூலை எழுதியவர். அரசுப் படை செய்ததையும், இந்தியப் படை செய்ததையும், இயக்கங்கள் செய்ததையும் கண்டவரிடம் கேட்டு, சரிபார்த்து, தம் பெயரிட்டு எழுதும் வேலையை அவர்கள் மேற்கொண்டார்கள். 1989 செப்ரெம்பர் 21ஆம் நாள் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. முகத்தை மூடிக்கொண்டு தலையசைப்பது காரியமாகவும், பெயரிட்டு எழுதுவது மரணமாகவும் இருந்த காலம் அது.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்க்கு 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஒரு சிலர்மீது எழுந்த ஐயம் ஒரு முழுச் சமுதாயத்தின்மேல் சுமத்தப்பட்டது. உளவாளிகள் என்ற கதைக்கு விசாரணையில்லை, தனித்தனிக் குற்றமில்லை. கைக்குழந்தைக்கும் அதே தீர்ப்பு. அண்டை வீட்டார் சிலர் அழுதார்கள். வேறு சிலர் படலையைச் சாத்திக்கொண்டு அந்தப் பழமொழியைச் சொன்னார்கள்.

தமிழர் மட்டுமே இப்படி என்று எண்ணவேண்டாம். 1983 யூலை 29ஆம் நாள் கொழும்பிலே புலிகள் வந்துவிட்டார்கள் என்ற ஒரு வதந்தி தெருத்தெருவாக ஓடிற்று. அடங்கத் தொடங்கியிருந்த கொலை மீண்டும் மூண்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவுக்கடையின் குழம்பில் மலட்டு மருந்து கலந்திருப்பதாகக் கதை கட்டிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பரிசோதித்தபோது கிடைத்தது மாக்கட்டி. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் நம்மவர் இரத்தம் சிந்திய அடுத்த மாதமே, குருநாகல் மருத்துவமனையின் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் ஆயிரக்கணக்கான பெண்களை மலடாக்கினார் என்று ஒரு நாளேடு எழுதியது. அவர் சிறை சென்றார். ஆதாரமில்லை என்று புலனாய்வுத் துறையே நீதிமன்றில் சொல்லிற்று. பின்னர் வேலையும் நிலுவைச் சம்பளமும் கிடைத்தன. கிறிஸ்தவர்கள் இங்கே காயப்பட்ட தரப்பு. காயப்பட்டவன் காது கோளுக்கு இலகுவில் திறக்கும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்த இடத்தில் நமது வாசகருள் ஒரு பகுதியினர் வினவுவார்கள்: பேசாதே, பிரிக்காதே, சமாதானமாயிரு என்று பிரசங்கிப்பது யாருக்கு வசதி? நியாயமான வினா. உண்மையில், நாவைப்பற்றிய பிரசங்கம் எப்போதும் மேலே இருப்பவனிடமிருந்து கீழே இருப்பவனை நோக்கியே இறங்குகிறது. சம ஆசனமும் சம போசனமும் கேட்டபோது, கேட்டவர்களையே ஊரைப் பிரிப்பவர்கள் என்றார்கள். 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் புறப்பட்டபோதும், 1968இல் மாவிட்டபுரக் கோவில் வாயிலில் ஒடுக்கப்பட்டோர் நின்றபோதும், குழப்பக்காரர் என்ற பெயர் அவர்களுக்கே கிடைத்தது. சைவக் கோவில்களைச் சொல்லிக் கிறிஸ்தவர் தப்பிவிட இயலாது. நமது கோவில்களிலும் சாதி பார்த்து உட்கார்ந்த காலம் உண்டு. சாதி பார்த்துப் புதைத்த சேமக்காலைகள் உண்டு. ஆண்டவரின் அப்பத்தை ஒரே மேசையில் உண்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரே வாங்கில் இருக்க மறுத்தவன், அதனைச் சுட்டிக்காட்டியவனைப் பார்த்துப் பிரிவினை பேசாதே என்றான்.

நாம் மேலே கூறிய அளவுகோல் இங்கேதான் பயன்படுகிறது. ஊர்வலம் போனவன் முகத்தோடு போனான். கோவில் வாயிலில் நின்றவன் பெயரோடு நின்று அடிபட்டான். அவன் யாரைக் குற்றம் சொன்னானோ அவர் முன்னிலையில் சொன்னான். அது குலோவே வீட்டாரின் பேச்சு. வெடிப்பைக் காட்டியவன் சுவரைப் பிளந்தவன் ஆகமாட்டான். அதே வேளையில் அவனுக்கு எதிராக ஊரிலே நடந்தது என்ன? அவன் குடிகாரன், அவன் யாரிடமோ காசு வாங்கினான், அவன் வீட்டுப் பெண்ணைப்பற்றிக் கேள்விப்பட்டீர்களா என்ற பேச்சு. வலியவன் வாளை எடுப்பதற்கு முன் விடுப்பைத்தான் எடுக்கிறான், அது செலவில்லாதது. கீழே இருப்பவனுக்கும் விடுப்பு ஓர் ஆயுதமாவதுண்டு. முகத்துக்கு நேரே சொன்னால் வேலை போகும், காணி போகும் என்ற இடத்தில் அவன் முதலாளியைப்பற்றி மறைவில் முணுமுணுக்கிறான். அவனைப் புறங்கூறுவோனென்று கண்டிக்க நமக்கு மனம் வரவில்லை. நேரே சொல்லக்கூடிய சபையை அவனுக்கு அமைத்துக் கொடுக்காதவர்கள்தாம் முதலில் பதில் சொல்லவேண்டும். ஆண்டவர் சொன்ன மூன்றாம் படியில் ஒரு சபை இருக்கவேண்டும் அல்லவா?

கடைசியாக, திருச்சபையின் ஒழுக்கவியலில் அதிகம் பேசப்படாத ஒரு கடமையைச் சொல்லவேண்டும். களவு செய்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பெயரைக் களவு செய்தவனுக்கும் அதே விதிதான். எந்தச் செவிகளில் கெடுத்தானோ அந்தச் செவிகளில் சீர்செய்யக் கடமைப்பட்டவன் அவன். பொருளைத் திருப்பலாம். பெயரை எப்படித் திருப்புவது? பத்துப் பேரிடம் சொன்ன கதை நூறு பேரிடம் போயிருக்கும். சீர்திருத்தமோ அந்தப் பத்துப் பேரில் இருவரைக்கூடச் சுவையோடு எட்டாது. ‘அப்படியாமே’ என்பதற்குக் கால் உண்டு, ‘அப்படியில்லையாம்’ நொண்டி. துரோகி என்று அட்டை கட்டப்பட்டவனின் மனைவி இன்று முதியவளாய் எந்தக் கோவில் வாங்கில் இருக்கிறாளோ, அந்தக் கோவிலில் அவன் பெயர் ஆத்துமாக்களின் திருநாளன்று உரத்து வாசிக்கப்படுகிறதா என்று நம் குருமார் ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

1990 வெளியேற்றத்துக்காக 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகள் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. வெளியேற்றிய செயலுக்கு உரியவர் இருந்தார்கள்; ஆகவே வருத்தப்பட ஒருவர் இருந்தார். உளவாளி என்ற சொல்லுக்கு அப்படி உரியவர் எவருமில்லை. அதை முதலில் சொன்னவர் யாரென்று எவருக்கும் தெரியாது. கேட்டுத் தலையசைத்தது ஊர். புத்தளத்திலிருந்து திரும்பிவந்து யாழ்ப்பாணத்தில் மீண்டும் கடை திறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் சாமான் வாங்குகிறோம், விலை பேசுகிறோம், மிச்சக் காசை எண்ணி வாங்குகிறோம். அந்தச் சொல்லைப்பற்றி இரு தரப்பாரும் பேசுவதில்லை.